யோசனை எங்கே கிடைக்கும்?

கேள்வி: வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்க ஆசை. ஆனால் என்ன தொழில் என்றுதான் பிடிபடவில்லை. நல்ல யோசனை எங்கே கிடைக்கும்?
– வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: யோசனையைத் தேடாதீர்கள், புலம்பலைத் தேடுங்கள்! உங்கள் தெருவில் நாலு பேர் ஒரே விஷயத்துக்கு அலுத்துக்கொண்டால், அங்கே ஒரு வியாபாரம் ஆளில்லாமல் காத்திருக்கிறது.

மனைவி மாதவிடாய் நாட்களில் பழந்துணியோடு அல்லாடுவதைப் பார்த்துத்தான் கோவை அருணாச்சலம் முருகானந்தம் மலிவு விலை நாப்கின் இயந்திரத்தை உருவாக்கினார். 2016-ல் பத்மஸ்ரீ வந்தது. கடலூர் சின்னிகிருஷ்ணன், பாட்டில் வாங்கக் கட்டுப்படியாகாதவர்களுக்காக ஷாம்புவைக் குட்டிப் பாக்கெட்டில் அடைத்தார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தனியாகக் கிளம்பி, அதே பாக்கெட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனார். நாப்கினும் ஷாம்புவும் ஏற்கெனவே இருந்தவைதான். சாமானியரின் கைக்கு எட்டாமல் இருந்தன, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும்: வேலையை இப்போதே விடாதீர்கள். சம்பளம் வரும்போதே சின்ன அளவில் விற்றுப் பாருங்கள். சொந்தக்காரர்கள் "பிரமாதம்" என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். முன்பின் தெரியாத ஒருவர் காசு கொடுத்து வாங்கி, மறுபடியும் தேடி வருகிறாரா? அன்றைக்கு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய் மானியக் கடன் விவரம் கேளுங்கள்.