குதிக்காலை வெளியால திருப்புங்கோ

செத்தவீடு. பெட்டி மூட இன்னும் அரை மணித்தியாலம் கிடந்தது. வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் கதிரை ஒன்றில் இருந்தபடி அவர் வலது சப்பாத்தை முன்னால் நீட்டினார். முன்பாதத்தை நிலத்தில் ஊன்றினார். குதிக்காலை மட்டும் வெளிப்பக்கமாக ஒரு வெட்டு வெட்டி, வாயால் "டக்" என்றார்.

"அவ்வளவுதான். தூக்கக்கூடாது, இழுக்கக்கூடாது. குதிக்காலை வெளியால திருப்புங்கோ, கழண்டு வந்திடும்."

கேட்டுக்கொண்டிருந்தவர் செத்தவரின் தம்பி. கண்ணைத் துடைத்துக்கொண்டே தானும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

ஆளைத் தெரிந்துவிட்டதுதானே. வெள்ளவத்தையில் லேனுக்கு ஒருவர் இருக்கிறார். ஆகவே இன்னாரைத்தான் சொல்கிறேன் என்று யாரும் நினைக்கக்கூடாது. லிப்ட் அடிக்கடி நின்றுபோகும் கட்டடமொன்றின் மூன்றாம் மாடியில், கடல் பக்கத்துப் பல்கனியில் சிவப்பு ரோட் பைக் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கும், பென்ஷனுக்கு மூன்று வருடம் மிச்சமுள்ள வங்கி உத்தியோகத்தர் எவரையும் நான் குறிப்பிடவில்லை.

அந்தக் குதிக்கால் அவரிடம் சும்மா இருந்ததை நான் கண்டதில்லை. தமிழ்ச் சங்கத்தில் புத்தக வெளியீடு என்றால் கடைசி வரிசையில் இருப்பார். நயவுரை நீள நீள, கதிரைக்குக் கீழே ஒரு கால் உள்ளே வெளியே, உள்ளே வெளியே என்று போய்வரும். கல்யாண வீட்டில் கை கழுவ நிற்கும் வரிசையில் முன்னால் நிற்பவருக்குச் செய்து காட்டுவார். மயூரபதி அம்மன் கோயிலில் சப்பாத்து இல்லை, வெறுங்கால். அது அவருக்கு இன்னும் வசதி. "பாருங்கோ, எலும்பு எப்பிடித் திரும்புது எண்டு வடிவாத் தெரியும்" என்று தீபாராதனைக்கு இடையில் தொடங்கிவிடுவார். ஒருமுறை பஸ்ஸில் நின்றுகொண்டு எனக்கு விளக்கியபோது, அருகில் இருந்த பெண் தன் சேலைக் கரையை இழுத்து ஒதுக்கிக்கொண்டார். அவர் அதைக் கவனிக்கவில்லை. இவர் காலில் ஏதோ வருத்தம் என்று நினைத்து ஒரு பெடியன் எழும்பி இடம் கொடுத்தான். அதையும் கவனிக்கவில்லை. இருந்துகொண்டு மற்றக் காலால் காட்டினார்.

இத்தனையும் ஒரு பெடலுக்காக. இல்லாத ஒரு பெடலுக்காக.

2022 ஆடி மாதம் அது. ஆனி 27 நள்ளிரவோடு அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேறெவருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் கையை விரித்திருந்தது. காலி வீதியைக் காகம் நடந்தே கடந்தது. டாம் வீதிச் சைக்கிள் கடைகளில் நல்லூர்த் தேர்க் கூட்டம். மாசியில் 200 ரூபாவாக இருந்த டொலர் வைகாசியில் 360ஐத் தொட்டிருந்தது. அந்த விலையிலும் அவர் சும்மா சைக்கிள் வாங்கவில்லை, ரோட் பைக் வாங்கினார். விலையைச் சொன்னார். நான் இரண்டாம் தரம் கேட்கவில்லை, கேட்டால் எனக்குத்தான் பிரஷர் ஏறும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் பெடல் இல்லை. ஏமாற்றவில்லை, முறையே அதுதான். நல்ல ரோட் பைக்குகள் பெரும்பாலும் பெடல் இல்லாமல்தான் விற்பனைக்கு வரும். ஓடுகிறவன் தன் காலுக்கும் சப்பாத்துக்கும் பொருந்துவதைத் தானே பார்த்துப் பூட்டிக்கொள்வான் என்பது கொம்பனிக்காரரின் கணக்கு. அவர்களுக்கு இவரைத் தெரியாது.

ஆவணியில் கியூஆர் அட்டை வந்து, காருக்கு எண்ணெய் கிடைக்கத் தொடங்கியது. சைக்கிள் தேவைப்பட்ட காரணம் போய்விட்டது. பெடல் தெரிவு மட்டும் நின்றது. இன்றுவரை நிற்கிறது. சைக்கிள் ஹான்டிலில் அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், துவாய் காயப்போடுகிறார். கடற்காற்றுக்குச் செயின் இரண்டு முறை கறள் பிடித்து, ஓடாமலே ஒருமுறை மாற்றியும் ஆயிற்று.

"என்னைப் பொம்பிளை பார்க்க வந்த அண்டு, பயித்தம்பணியாரம் சாப்பிட்டு முடிக்க முன்னம் ஓம் எண்டவர் தம்பி இவர்" என்றார் அக்கா, தேத்தண்ணியை வைத்துக்கொண்டு. "இருபது நிமிசம். அதுவும் பணியாரம் கொஞ்சம் இறுக்கம் எண்டபடியால்தான் இருபது."

அவர் இதைக் கேட்கவில்லை. பேசினில் காலை நனைத்து, பழைய வீரகேசரி ஒன்றின் மேல் ஏறி நின்று, பாத வளைவு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் பத்திரிகை வாசிக்க எடுத்தால், பாதி மரண அறிவித்தல்களின் மேல் ஈரக்கால் அடையாளம் காய்ந்து கிடக்கும்.

தலபுராணத்தையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். முந்தி ரேஸ்காரர்கள் பெடலில் ஒரு கூடு பூட்டி, அதற்குள் முன்பாதத்தை நுழைத்து, தோல்வாரால் இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். அந்தக் கூட்டுக்குப் பெயர் கிளிப். விழுந்தால் காலும் சைக்கிளும் ஒரு பார்சல். பனிச்சறுக்குப் பலகையில் சப்பாத்தைப் பூட்டும் கொளுவி செய்துவந்த பிரெஞ்சுக் கொம்பனி லுக், 1984இல் அதே உபாயத்தைப் பெடலுக்குக் கொண்டுவந்தது. சப்பாத்தின் அடியில் ஒரு கட்டை. மிதித்தால் பூட்டும், குதிக்காலைத் திருப்பினால் கழரும். அடுத்த வருடமே பேர்னார்ட் இனோ அதைப் போட்டுக்கொண்டு டூர் டி பிரான்ஸை வென்றார். கூடு போய்விட்டதால் இதற்குப் பெயர் கிளிப்லெஸ்.

"பூட்டுறதுதான் இதின்ர வேலையே. ஆனா பேர் கிளிப் இல்லாதது. இடியப்பத்தில இடி இருக்கோ, சொல்லும்?" என்று இந்த இடத்தில் கேட்பார். சிரிக்கவேண்டும். சிரிக்காவிட்டால் 1984இலிருந்து திரும்பத் தொடங்குவார்.

பிறகு நிறங்கள். பூட்டிய பிறகும் குதிக்கால் கொஞ்சம் அசைய இடம் வேண்டும், இல்லாவிட்டால் முழங்கால் பழுதாகும். எத்தனை பாகை அசையலாம் என்பதைக் கட்டையின் நிறத்தில் சொல்லியிருக்கிறார்கள். சிமானோவில் சிவப்பு என்றால் அசைவே இல்லை, நீலம் 2 பாகை, மஞ்சள் 6. லுக் கியோவில் கறுப்பு அசையாது, சாம்பல் நாலரை, சிவப்பு 9. ஒருவனின் சிவப்பு துளியும் இளகாத சிவப்பு, மற்றவனின் சிவப்பு எல்லாப் பக்கமும் வளைந்துகொடுக்கிற சிவப்பு. இலங்கையில் இருப்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இந்த அசைவுக்கு ஆங்கிலத்தில் ஃபுளோட் என்று பெயர். ஆனால் நாங்கள் யாழ்ப்பாணத்து வாயோடு பிறந்தவர்கள். ஒருநாள் மரைன் டிரைவ் நடைபாதையில், நல்ல சனக்கூட்டத்துக்குள் அவர் உரத்த குரலில் சொன்னார்: "ஐசே, நான் கடைசியா புளொட்டுக்குத்தான் போறன். புளொட் இல்லாமல் என்ர முழங்காலுக்குச் சரிவராது." முன்னால் நடந்துகொண்டிருந்த ஒரு வயோதிபர் நின்றார். திரும்பி இவரை மேலும் கீழும் பார்த்தார். புளொட் என்ற பெயரில் ஓர் இயக்கம் திரிந்த தொண்ணூறுகளில் இந்தப் பக்கம் லொட்ஜில் இருந்த மனிதராக இருக்கவேண்டும். ஒரு சொல்லும் சொல்லாமல் ரோட்டைக் கடந்து மற்றப் பக்கம் போய்விட்டார்.

கொட்டாஞ்சேனையிலும் ஒரு கிளை உண்டு. அங்கே இருப்பவர் எஸ்பிடி கட்சி. சிமானோ 1990இல் மலைச் சைக்கிளுக்கென்று கொண்டுவந்தது, இரண்டு ஆணி, சின்னக் கட்டை, சப்பாத்தின் அடிக்குள்ளே பதிந்திருக்கும். ஜம்பட்டா வீதியில் ஐம்பது யாருக்கு ஒருதரம் கால் ஊன்றவேண்டும், துறைமுகத்துக் கொண்டெய்னர் லொறி வந்தால் இறங்கியே நிற்கவேண்டும், இறங்கினால் மனிசன் மாதிரி நடக்கவேண்டும் என்பது அவர் வாதம். எங்கள் ஆள் எஸ்பிடி-எஸ்எல் கட்சி. மூன்று ஆணி, அகன்ற கட்டை, காலுக்கு நல்ல தாங்கல். ஆனால் அந்தச் சப்பாத்தோடு மாபிள் தரையில் நடந்தால் தாரா நடை, கொஞ்சம் ஈரமென்றால் தாரா நீச்சல். ஞாயிறு காலை ஆறு மணிக்குக் காலிமுகத்திடலில் இரண்டு பேரும் சந்தித்து இதைத் தீர்க்கப் பார்ப்பார்கள். கொட்டாஞ்சேனைக்காரர் சைக்கிளில் வருவார். எங்கள் ஆள் காரில் வருவார்.

டாம் வீதியில் இவரைக் கண்டதும் கடைப் பெடியன் மூன்று பெட்டியையும் தானாகவே எடுத்து வைத்துவிடுவான். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டும்விட்டான்: "மொதல்ல ஒண்டைப் போட்டு ஓடுங்களேன் சேர், பொறகு மாத்துவம்." அன்று முழுவதும் அவருக்கு முகம் சரியில்லை. விஷயம் விளங்காதவர்களிடம் வியாபாரத்தைக் கொடுத்தால் இப்படித்தானாம்.

அவர் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிய ஒருநாளில்தான் இடது கெண்டைக்காலில் அந்தத் தழும்பைக் கண்டேன். நீளமாக, வெள்ளையாக. கேட்டேன். "அது பெடல் அச்சு" என்றார். 1990க்குப் பிறகு பெற்றோல் தடை இருந்த காலம். கொடிகாமத்து வீட்டில் இருந்தது தகப்பனின் பழைய ரலி. இடது பெடலில் றப்பரும் போய், கூடும் போய், வெறும் அச்சுக்கம்பி மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. மாற்றப் பெடல் இல்லை, இருந்தாலும் காசில்லை. வெறுங்காலோடு அந்தக் கம்பியை உழக்கித்தான் தாயைக் கரியரில் வைத்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கிழமைக்கு ஒருதரம் கொண்டுபோய் வந்திருக்கிறார். மழை நாளில் கால் வழுக்கிக் கம்பி கிழித்த இடம் அது. "எத்தனை நாள் அப்பிடி ஓடினனீங்கள் அண்ணை?" என்றேன். "இரண்டு வருசம் வரும்" என்றவர், காற்சட்டையை இறக்கிவிட்டு, "அப்ப புளோட்டுக்குக் குறைவில்லை" என்றார். அன்று அவர் சொன்ன 1984ஐ நான் முழுவதும் இருந்து கேட்டேன்.

அந்த இரக்கம்தான் என்னை விழுத்தியது. அடுத்த கிழமை அவர் சொன்ன பெடலை, அவர் சொன்ன மஞ்சள் கட்டையோடு, நான் என் சைக்கிளுக்கு வாங்கிவிட்டேன். அவர் வாங்கவில்லை. இன்னும் இரண்டு விஷயம் பார்க்கவேண்டியிருந்ததாம்.

சவோய் தியேட்டர் பக்கம். முன்னால் போன பஸ் திடீரென்று ஓரம் கட்டியது. பிறேக் பிடித்தேன், சைக்கிள் நின்றது, நானும் அதன்மேல் ஒரு கணம் நின்றேன். குதிக்காலைத் திருப்பவேண்டும் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எந்தப் பக்கம் என்பது மட்டும் வரவில்லை. வெட்டிய வாழை மாதிரி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தேன். விழுந்த பிறகும் கால் கழரவில்லை. நிலத்தில் கிடந்தபடி காலை வெட்டி வெட்டி இழுத்தேன். சனம் கூடியது. காலடியில் பூட்டு இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? வளர்ந்த மனிதர் ஒருவர் ரோட்டில் கிடந்து காலை உதறுகிறார் என்றால் எங்கள் சனத்துக்கு ஒரே கருத்துத்தான். மரக்கறி வாங்கிக்கொண்டு வந்த அம்மா ஒருவர் ஓடிவந்து, தன் வீட்டுத் திறப்புக் கோர்வையை என் உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பொத்தினார். "இரும்பை விடாதையுங்கோ தம்பி, இப்ப நிண்டிடும்." இன்னொருவர் சோடா உடைத்தார்.

அந்த நேரம் பார்த்து மாலை நடைக்கு வந்த அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "ஐசே, டென்ஷன் எத்தனையில வச்சனீர்?"

"அதுதான் ஐயா, எல்லாம் டென்ஷன்தான்" என்றார் அந்த அம்மா. "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு வீட்டிலயும் டென்ஷன், வேலையிலயும் டென்ஷன்."

அவர் முழந்தாளிட்டு, பொக்கற்றில் இருந்து சின்ன எலன் கீயை எடுத்து, பெடலின் ஸ்பிரிங்கை அந்த இடத்திலேயே இளக்கி, என் காலைப் பிடித்து வெளிப்பக்கம் மெல்லத் திருப்பினார். டக். சைக்கிளையும் தூக்கிக்கொண்டு என் வீடுவரை வந்தார். வழி முழுக்க ஸ்பிரிங் பற்றித்தான் கதை, என்றாலும் வந்தார்.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கோபம் வரத் தொடங்கியது. இப்போது செய்முறை விளக்கத்தோடு ஓர் உதாரணமும் சேர்ந்திருக்கிறது. "எங்கட ஆள் ஒராள் விழுந்தவர்" என்பார், நான் பக்கத்தில் நின்றால் தோளில் கைபோட்டு, "இவர்தான்." என் முழங்கை எப்படித் தேய்ந்தது என்று கொட்டாஞ்சேனைவரை தெரியும். நான் விழுந்த விழுகையை ஆதாரமாக வைத்து மஞ்சள் கட்டையை அவர் தன் பட்டியலில் இருந்து வெட்டிவிட்டார். காசு என்னுடையது, தோல் என்னுடையது, ஆராய்ச்சி அவருடையது.

இன்னுமொன்று. இது அவருக்கு மட்டும், மற்றவர்கள் வாசிக்கத் தேவையில்லை. அண்ணை, பெடல் வந்தவுடன் பூட்டவேணும் எண்டு போன வருசம் தைப்பொங்கலுக்கு என்னட்டை வாங்கின 8 மில்லிமீற்றர் எலன் கீ இன்னும் உங்கட ரீவிக்குப் பக்கத்திலதான் கிடக்குது, போன கிழமையும் கண்டனான். எனக்கு இந்தச் சனியனைக் கழட்டிப்போட்டுப் பழைய சாதாரணப் பெடலைப் பூட்டவேணும். இடது பெடல் எதிர்ப்பக்கம் கழரும் எண்டு நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கு. கழட்டக் கீதான் இல்லை.