கலைஞர்களே கட்டிய கூடம்

கேள்வி: திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் கே.சி.எஸ். பணிக்கர் பெயரில் ஓவியக்கூடம் இருக்கிறது. சென்னை அருகே கலைஞர்களே கட்டி நடத்தும் கிராமத்துக்கு வழிகாட்டியவர் இவர்தானா?

பதில்: ஆம், இவர்தான். கோயம்புத்தூரில் பிறந்த மலையாளியான பணிக்கர் (1911–1977), சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். அன்று நவீன ஓவியத்தை வாங்க ஆள் இல்லை. நல்ல மாணவர்கள் வயிற்றுப்பாட்டுக்காகத் தூரிகையைக் கீழே வைத்துவிடுவார்களே என்ற கவலை அவரை அரித்தது.

அதற்கு அவர் கண்ட வழி கைத்தொழில். கலைஞர்கள் மெழுகுச் சாயம் ஏற்றிய பாத்திக் துணிகளைச் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தைச் சேர்த்து, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார்கள். அரசையோ செல்வந்தரையோ எதிர்பார்க்காமல் 30-க்கும் மேற்பட்டோர் சொந்த உழைப்பில் எழுப்பிய ஊர் அது. வீடு, பட்டறை, கண்காட்சிக் கூடம் எல்லாம் அங்கேயே அமைந்தன. சுல்தான் அலி, எஸ்.ஜி. வாசுதேவ், சேனாதிபதி, நந்தகோபால் ஆகியோர் அங்கு வேலை செய்தவர்கள். 2009-இல் தற்காலக் கலை மையமும் திறக்கப்பட்டது.

திருவனந்தபுரம் போகிறவர்கள் அருங்காட்சியக வளாகத்தில் ரவிவர்மாவின் ஓவியங்களைப் பார்த்ததோடு திரும்பிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்களில் ஜாதகக் கட்டங்களும், கணக்குக் குறிகளும், மலையாள எழுத்தைப் போலத் தோன்றி எந்தச் சொல்லிலும் அடங்காத வரிகளும் நெருக்கமாக நிறைந்திருக்கும். அடுத்த முறை பணிக்கர் கூடத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.