கொடியின் நிறத்தில் ஒரு பல்லி

கேள்வி: கரீபியன் கடலில் உள்ள செயின்ட் லூசியாவில் ஒரு பல்லியைக் காப்பாற்ற எலிகளைக் கொன்றார்களாமே! இயற்கையை அதன் போக்கில் விடக் கூடாதா?

பதில்: தாராளமாக விடலாம், எலிகள் நீந்தி வந்திருந்தால். அவை வந்தது கப்பலேறி. எலியை ஒழிக்க 1872-இல் கல்கத்தாவிலிருந்து ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கீரிகளைக் கொண்டுபோனார்கள். பிறகு அண்டைத் தீவுகளிலும் விட்டார்கள். எலி பெரும்பாலும் இரவில் நடமாடும். கீரி பகலில் வேட்டையாடும். ஆகவே எலி பிழைத்தது. வெயிலில் தரையில் இரைதேடும் உயிர்கள் மாட்டிக்கொண்டன. செயின்ட் லூசியாவுக்கே உரிய சாட்டைவால் பல்லி, பெரிய தீவில் இல்லை. கீரி எட்டாத மரியா என்ற இரு குட்டித் தீவுகளில்தான் எஞ்சியிருந்தது. ஆண் பல்லியின் உடம்பில் நீலம், மஞ்சள், கறுப்பு, வெள்ளை: நாட்டுக் கொடியின் அதே நிறங்கள்!

‘மரியாவில்தான் இருக்கிறதே, போதாதா?’ என்று கேட்பீர்கள். ஒரு புயல், அல்லது எலியோடு கரையொதுங்கும் ஒரே ஒரு படகு போதும், இனமே முடிந்துபோகும். அதனால்தான் பிராலின் என்ற இன்னொரு குட்டித் தீவில் முதலில் எலிகளை ஒழித்து, 1995-இல் அங்கே பல்லிகளைக் குடியேற்றினார்கள். அவை பெருகின. எலியை நீக்கிய தீவில் பல்லி பெருகியதென்றால், கீரியோடு எலியும் குற்றவாளியாக இருக்கலாம் என்று சந்தேகிக்க இடமிருக்கிறதல்லவா? எலியும் உயிர்தானே என்பது நியாயமான வாதம். அதன் வேதனை எனக்கும் உறுத்துகிறது. ஆனால் எலிக்கு உலகமெல்லாம் வீடு. இந்தப் பல்லிக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சில பாறைத் தீவுகள்தான்.