நிழல் டாக்டரம்மா

மே மாதம் நீட் எழுதியாயிற்று, ஜூனில் மார்க் வந்தாயிற்று, காலேஜ் சீட் ஒதுக்கும் கே.இ.ஏ. கவுன்சலிங்குக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த இடைவெளியில் பெங்களூர் பல் கிளினிக்குகளில் ஒரு புது உருவம் தென்படும். வயது பதினெட்டு. இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு, கண்ணைத் தொடும் மாஸ்க், கையில் டைரி. டாக்டர் நகர்ந்தால் நகரும், குனிந்தால் குனியும், எதையும் தொடாது. தொட்டால் அசிஸ்டன்ட் அக்கா முறைப்பார்.

அமெரிக்காவில் பல் மருத்துவம் படிக்க விண்ணப்பிக்கிறவர்கள், ஒரு டாக்டர் பின்னால் இத்தனை மணி நேரம் நின்றேன் என்று கணக்குக் காட்டுவார்கள். நூறு மணி நேரம் என்பது அங்கே சர்வசாதாரணம். நமக்கு அந்தத் தொல்லையே இல்லை; 720-க்கு எவ்வளவு என்பதோடு விசாரணை முடிந்துவிடும். பிடுங்கப் போகிற கை எப்படிப்பட்ட கை என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் நியூ ஜெர்சிப் பெரியப்பா போனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அப்பாவுக்குத் தூக்கம் வருமா? தெரிந்த டாக்டருக்கு உடனே ஒரு பெட்டி மைசூர்பாகு போய்விடுகிறது.

அல்சூரில் நான் ரூட் கெனாலுக்குப் போன கிளினிக்குக்கு இந்த வருஷம் வாய்த்தவள், செகண்ட் பி.யூ.சி. முடித்த கையோடு வந்தவள். வாயைப் பிளந்து மல்லாந்து கிடப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. எல்லோரும் அவன் பல்லைப் பார்ப்பார்கள். அவன் எல்லோரையும் பார்க்கலாம். நான் பார்த்தேன். டாக்டர் மனமிரங்கி ஒரு நாள் சக்ஷன் குழாயை அவள் கையில் கொடுத்தார். எச்சிலை உறிஞ்ச வேண்டிய குழாய் என் கன்னத்துச் சதையைக் கவ்விக்கொண்டு 'ப்ளக்' என்றது. "சாரி அங்கிள், வலிக்குதா?" என்றாள். ஊசி போட்டு அந்தப் பக்கமே மரத்துக் கிடந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் வாய் இல்லை.

இந்த நிழல்களுடைய உண்மையான ராஜ்ஜியம் உள்ளே இல்லை, வெளியே பெஞ்சில்தான். டாக்டரிடம் கேட்கப் பயப்படுகிறவர்கள் எல்லாரும் இந்த நிழலைத்தான் பிடித்துக்கொள்வார்கள். கோட்டு போட்டிருக்கிறாள், ஆனால் பில் போடமாட்டாள். இதைவிட நம்பகமான டாக்டர் ஏது?

"கண்ணு, மேல் பல்லைப் புடுங்கினா பார்வை போயிடுமாமே?" என்று ஒரு பெரியம்மா ரகசியமாகக் கேட்டார்.

"சுத்தப் பொய் ஆன்ட்டி. மூளையிலிருந்து பன்னிரண்டு ஜோடி நரம்பு வருது. பார்வைக்கு ரெண்டாவது, பல்லுக்கு அஞ்சாவது. சம்பந்தமே இல்லை."

"நடுவுல மூணும் நாலும் இருக்கே, அது எதுக்கு?"

பெண் பொய் சொல்லத் தெரியாதவள். "அது ரெண்டும் கண்ணை அசைக்கறதுக்கு" என்றாள்.

"பாத்தியா!" என்று பெரியம்மா பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டார்.

டாக்டர் கோபிக்கவில்லை. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா" என்றார். "கேட்டதுக்கு மட்டும்தான் சார் சொன்னேன்." "அதான் பிரச்சினை."

ஒரு லாரி டிரைவர் வந்தார். முன்பல்லெல்லாம் பழுப்புத் திட்டு. நம் டாக்டரம்மா அக்காவின் காதில், "இவர் பிரஷ் பண்றதே இல்லை போல" என்றாள். டாக்டர் திரும்பாமலே டிரைவரிடம், "ஊரு யாவுது?" என்றார். "பாவகடா சார்." தும்கூர் மாவட்டத்துப் பாவகடாப் பக்கம் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு. பல் ஈறுக்குள்ளேயே உருவாகிக்கொண்டிருக்கும் குழந்தை வயதில் அதைத் தாண்டிக் குடித்தால், முளைக்கும்போதே திட்டோடு முளைத்து, அது பின்னால் பழுப்பேறக்கூடும். எந்தப் பேஸ்ட்டாலும் தேய்த்துப் போக்க முடியாது. டிரைவர் போனபிறகு டாக்டர் இதை விளக்கினார். அவள் டைரியில் எழுதிக்கொண்டு அடிக்கோடும் போட்டாள்.

அடிக்கோடு போட்டது வினையாயிற்று. அடுத்து வந்த பழுப்புப் பல்காரரிடம் வாசலிலேயே, "நிம்ம ஊரு பாவகடானா?" என்று பரிவோடு கேட்டாள். அவர் வாயில் இருந்த ஜர்தா பீடாவை நிதானமாக வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து, "இல்லம்மா, சிவாஜிநகர்" என்றார்.

அவள் வீட்டு நிலைமையை அவளுடைய அப்பா பெஞ்சில் உட்கார்ந்து எங்களிடம் புலம்பியதுண்டு. பி.டி.எஸ். முதல் வருஷத்தில் மெழுகில் பல் செதுக்கச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டு, மெழுகு கிடைக்காத அவசரத்தில் அம்மா பத்திரப்படுத்தி வைத்திருந்த மைசூர் சாண்டல் சோப்பில் கத்தியை வைத்துவிட்டாள். கீழ்க் கடைவாய்ப் பல், நாலு மேடு, நடுவில் பள்ளம், அடியில் இரண்டு வேர். "யானைக் கால் நல்லா வந்திருக்கு" என்றாராம் அப்பா. அன்று ராத்திரி யாரும் அவளோடு பேசவில்லை, வீடு மட்டும் சந்தனமாய் மணத்தது.

டாக்டர்கள் வாயை நாலாகப் பிரித்துப் பல்லுக்கு இரண்டு இலக்கம் வைப்பார்கள். இடது கீழ்ப்பக்கம் மூன்று, அதில் ஆறாவது பல் 36. இருப்பதே 32 பல், எண் 48 வரை போகும். இது தெரியாத தாத்தாவிடம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, உங்களுக்கு 36 போயிடுச்சு" என்றிருக்கிறாள். "36 போய் எத்தனையோ காலமாச்சு, 78 நடக்குது" என்றாராம் அவர்.

"எம்.பி.பி.எஸ். கிடைக்கலையா?" என்று கேட்கும் அக்கம்பக்கத்தாரைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவர்களுடைய பல்லை அவளே ஒரு நாள் கவனித்துக்கொள்வாள்.

கவுன்சலிங்கில் காலேஜ்களை வரிசைப்படுத்திப் போடும் ஆப்ஷன் என்ட்ரி நெருங்கியது. விக்டோரியா ஆஸ்பத்திரிப் பக்கத்து அரசு பல் மருத்துவக் கல்லூரியை முதலில் போடுவதா, வேண்டாமா என்று அப்பா நேரிலேயே கேட்க வந்துவிட்டார். நாலு வருஷம் படிப்பு, ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப், அதற்கப்புறம் என்ன என்பது அவர் கவலை.

"இந்தத் தெருவுலயே எத்தனை பல் டாக்டர் போர்டு இருக்குன்னு எண்ணிட்டு வந்தீங்களா சார்?" என்றார் டாக்டர்.

"அப்ப வேணாங்கறீங்களா?"

"நான் எங்க சொன்னேன்?"

டிரேயை அடுக்கிக்கொண்டிருந்த அக்கா தலையைத் தூக்கவில்லை. "பொண்ணுக்குக் கை நடுங்கலை சார். வாய்தான் கொஞ்சம் நீளம். அது இங்க வர்றவங்க எல்லாருக்கும் இருக்கறதுதான், போடுங்க" என்றார்.

அப்பா அக்காவுக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார்.