தடா வட்டாரக் கம்யூனிட்டி ஹால்: காப்பு, பராமரிப்பு, சாவி குறித்த ஆராய்ச்சி

பாயிரம். ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரத்தின் தடா. சென்னையிலிருந்து சூலூர்பேட்டை போகும் மின்சார ரயில் நிற்கிற ஊர். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் மொட்டை மாடியிலிருந்தே பார்க்கிற ஊர். பஞ்சாயத்துப் பலகையில் தெலுங்கு, டீக்கடைப் பெஞ்சில் பாதிக்குப் பாதி தமிழ். 2022 ஏப்ரல் 4 அன்று நெல்லூர் மாவட்டத்தை விட்டுத் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. இவ்வளவையும் அறிந்த அறிஞர் உலகம், இவ்வட்டாரத்தின் தலையாய கேள்வியை இன்றுவரை தொடவில்லை: கம்யூனிட்டி ஹால் சாவி யாரிடம் இருக்கிறது?

ஹால் எனப்படுவது இன்னது என்று வரையறுப்பது முறை. நான்கு சுவர், ஒரு மேடை, மூன்று மின்விசிறி, முகப்பில் ஒரு கல்வெட்டு, பக்கத்தில் பூட்டிய கழிப்பறை. இந்தக் கட்டுரை குறிப்பிட்ட ஓர் ஊரின் கூடத்தைப் பற்றியதன்று. எந்த ஊர்க்காரர் படித்தாலும் தம் ஊரைத்தான் எழுதியிருக்கிறது என்று கோபித்துக்கொள்ளும்படி இருப்பதே இதன் ஆய்வு நேர்மைக்குச் சான்று.

வரலாற்றுப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சமுதாயம் என்ற சொல் அரசாங்கக் கட்டடங்களின் நெற்றியில் ஏறியது 1952 அக்டோபர் 2 அன்று தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் காலத்தில். அப்போது இந்தப் பக்கமெல்லாம் சென்னை மாநிலம். திட்டத்துக்கு ஒரு வயது நிறைய ஒரே நாள் பாக்கி இருக்கையில், 1953 அக்டோபர் 1 அன்று, ஆந்திர மாநிலம் பிறந்துவிட்டது. சொத்து, கடன், கோப்பு, தலைநகர் எல்லாவற்றையும் பற்றி அப்போது சண்டை நடந்தது. சாவிக்கொத்தை யார் யாரிடம் ஒப்படைத்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்றைய குழப்பத்தின் வேர் அங்கேதான் என்பது என் துணிபு. மறுப்பவர்கள் ஆதாரம் காட்டட்டும்.

இனி களஆய்வு. ஒரு வளைகாப்புக்காக ஹால் தேவைப்பட்ட ஓர் இளைஞரைப் பின்தொடர்ந்தபோது கிடைத்த தரவு இது.

"ணா, ஹால் சாவி உங்ககிட்டயா?"

"நேத்து வரைக்கும் எங்கிட்டதாம்பா இருந்துச்சு. சாமியானாக்காரன் வந்து வாங்கினு போய்ட்டான்."

சாமியானாக்காரரோ, வந்த வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்து, "நான் அப்பவே கரண்ட்டு வேலை பாக்குற பையன் கையில குடுத்துட்டேனே" என்றார். அந்தப் பையன் ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் காலை ஷிப்ட்டுக்குப் போயிருந்தான். சாவி அவன் பேன்ட் பையில். அதாவது ஊர்க் கூடத்தின் சாவி, அடையாள அட்டை, உலோகச் சோதனை, பை சோதனை எல்லாம் கடந்து ஒரு கம்பெனிக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. இதற்கு மேல் பாதுகாப்பு எந்த ஊராட்சியால் தர முடியும்?

இதிலிருந்து முதல் சூத்திரம்: சாவி கடைசியாக வாங்கியவரிடம் இராது, அவரிடமிருந்து வாங்கியவரிடம் இருக்கும். இரண்டாம் சூத்திரம் மாற்றுச் சாவி பற்றியது. எல்லாக் கூடத்துக்கும் மாற்றுச் சாவி உண்டு. அது கூடத்துக்குள் இருக்கும் பீரோவில் பத்திரமாக இருக்கும். இவ்விரு சூத்திரங்களுக்கும் விதிவிலக்கு தேடினேன். ஓர் ஊரில் சாவி ஆணியில் மாட்டியே இருந்தது. அங்கே பூட்டைக் காணோம்.

சாவியின் வடிவம் பற்றியும் ஒரு சொல். தொலையாமல் இருக்க அதை ஏதாவது பெரிய பொருளோடு கட்டிவைப்பது மரபு. அரையடி மரக்கட்டை, உடைந்த மின்விசிறியின் ரெகுலேட்டர் குமிழ், வலைக்குக் கட்டும் மிதவை என்று பல வகை பார்த்தேன். பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களில் மிதவை அதிகம். சாவி தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும் என்ற முன்யோசனை பாராட்டத்தக்கது; தண்ணீர்ப் பக்கம் அதை எதற்காகக் கொண்டுபோனார்கள் என்பது வேறு கேள்வி.

பூட்டு இயலுக்கு வருவோம். பூட்டுக்குக் குறையொன்றுமில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டும், அதற்குப் போட்டியான அலிகர் பூட்டும் நம் நாட்டுக்குப் பெருமை. ஆனால் ஹால் கதவை அருகில் போய்ப் பார்த்தால் உண்மை விளங்கும். பூட்டு கனமானது, கையில் எடுத்தால் கால் கிலோ இருக்கும். அது தொங்குகிற கொண்டியோ இரண்டே திருகாணியில் நிற்கிறது, அவற்றின் தலையும் வெளிப்பக்கம். திருகாணித் தலையின் பிளவு பளபளவென்று தேய்ந்திருக்கிறது. ஒரு ரூபாய் நாணயம் அதில் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஊரில் விவரம் தெரிந்தவர்கள் சாவியைத் தேடுவதில்லை, சில்லறையைத் தேடுகிறார்கள். வேலை முடிந்ததும் திருகாணியை மறுபடி முடுக்கிவிட்டுப் போகும் நாகரிகமும் அவர்களுக்கு உண்டு. எனவே பூட்டு என்பது காப்புக் கருவி அன்று, ஓர் அறிவிப்பு: இது அரசாங்கக் கட்டடம்.

இந்த இடத்தில் சூலூர்பேட்டை செங்காளம்மன் கோயிலைக் குறிப்பிடாமல் நகர முடியாது. ராக்கெட் விடுவதற்கு முன் இஸ்ரோ தலைவர்கள் வந்து கும்பிட்டுப் போகும் கோயில். அங்கே கதவு சாத்துவதில்லை. இரவும் பகலும் திறந்தே இருக்கும். கதவு போட முயன்றார்கள் என்றும், எனக்கும் பக்தர்களுக்கும் நடுவே ஒன்றும் வேண்டாமென்று அம்மன் கனவில் சொன்னாள் என்றும், கழற்றிப் போட்ட கதவுப் பலகை மரமாகத் துளிர்த்தது என்றும் வட்டாரத்தில் சொல்வார்கள். எந்நேரமும் ஆள் புழங்குகிற அந்தக் கோயில் பளிச்சென்று இருக்கிறது. ஆண்டில் முந்நூறு நாள் பூட்டிக் கிடக்கும் ஹாலில் குழாய் காணாமல் போகிறது. பூட்டு உற்பத்தியாளர்கள் இந்தப் பத்தியைப் படிக்காமலிருந்தால் நல்லது.

குழாய் என்றதும் களவு இயல் தொடங்குகிறது. திறப்பு விழா அன்று இருந்தது பித்தளைக் குழாய். அது ஒரு மாதம் தாங்கியது. அடுத்து வந்தது பிளாஸ்டிக். இன்னும் இருக்கிறது, ஒழுகியபடி. மின்விசிறியின் இறக்கைகளை யாரோ ஒரு பையன் தொங்கி விளையாடிச் செம்பருத்திப் பூவாக மடக்கிவிட்டான். அதற்குப் பிறகு அதைக் கழற்றிக்கொண்டு போக எவனும் வரவில்லை. ஆக, பராமரிப்பு மோசமாக ஆக ஆகப் பாதுகாப்பு பலப்படுகிறது. காப்பும் பராமரிப்பும் ஒரே துறை என்று எண்ணி ஒரே அதிகாரியிடம் ஒப்படைப்பவர்கள் இந்த எதிர்விகிதத்தைக் கருதுவதில்லை.

நம் முன்னோர் இவ்விஷயத்தில் என்ன செய்தார்கள்? காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில் ஊர்ச்சபை மண்டபம் இன்றும் நிற்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும், குடவோலையில் வாரியத்துக்கு ஆள் எடுக்கும் விதிகளை அதன் சுவரிலேயே வெட்டினார்கள். முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் வயது. கால் வேலியாவது இறை கட்டும் நிலம். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவுகளுக்கும் இடமில்லை. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம். சாவிக்கு வாரியம் இருந்ததாகத் தெரியவில்லை. மண்டபத்துக்குக் கதவு வைத்தால்தானே. கணக்கு விதியை இன்று நம் ஹால் கமிட்டிக்குப் பொருத்தினால் குடத்தில் போட ஓலையே மிஞ்சாது என்பதையும் உறவுமுறை கருதி மெல்லச் சொல்லி வைக்கிறேன்.

பராமரிப்பு நிதிக்குச் சோழர் கண்ட வழி இன்னும் நேர்த்தி. கோயிலில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய, தஞ்சைப் பெரிய கோயில் கணக்கில் 96 ஆடுகள். இடையர் அவற்றை மேய்த்து நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பிக்கொள்ள வேண்டியது அவர் பாடு. ஆகவே கணக்கில் அவை சாவா மூவாப் பேராடுகள். விளக்கை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. நெய்ச் செலவுக்கும் வழி செய்துவிட்டுப் போனார்கள். பாதுகாப்புக்கு ஒரு சாபமும் போட்டார்கள். இந்தத் தருமத்துக்குத் தீங்கு செய்தவன் கங்கைக் கரையில் குராற்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று ஒரு வரி. சிசிடிவி கேமராவைவிடச் செலவு குறைவு, மின்வெட்டிலும் வேலை செய்யும்.

இதோடு நம் காலத்தை ஒப்பிடுக. நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டம் 1993 டிசம்பரில் வந்தது. 2011-12 முதல் ஆளுக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். நாடு முழுக்க எத்தனையோ சமுதாயக் கூடங்கள் இந்தப் பணத்தில் எழுந்தவை. இதன் வழிகாட்டு நெறிகள் நெடுங்காலம் சொல்லிவந்த இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் படிப்பவருக்கு ஞானம் பிறக்கும். ஒன்று: உறுப்பினர் பெயர், செலவு, ஆண்டு பொறித்த பலகையை நிரந்தரமாகப் பதிக்க வேண்டும். மற்றொன்று: பராமரிப்பு வேலைக்கு இந்தப் பணத்தைத் தொடக்கூடாது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்வது பயன்படுத்துவோர் பொறுப்பு. ஆகவே கூரை ஒழுகினாலும் கல்லில் எழுத்து மங்காது. ஆயிரம் ஆண்டு கழித்து வரும் தொல்லியலார் அந்தக் கிரானைட்டை மட்டும் கண்டெடுத்து, இங்கே ஒரு வள்ளல் இருந்தான், ஆனால் கட்டடம் எதையும் கட்டவில்லை என்று முடிவு செய்வார்.

வெள்ளையடிப்பு இயல் அரசியல் சார்ந்ததாகையால் கவனமாகப் பேச வேண்டும். 2019 அக்டோபர் 2 அன்று ஆந்திரத்தில் கிராமச் செயலகங்கள் தொடங்கின. ஊராட்சிக் கட்டடங்களுக்கு அன்றைய ஆளுங்கட்சிக் கொடியின் வண்ணங்கள் ஏறின. 2020 மார்ச்சில் உயர்நீதிமன்றம் அழிக்கச் சொல்லிற்று. அரசு அந்த வண்ணங்களோடு செம்மண் நிறத்தையும் சேர்த்து, இது வேறு என்றது. நீதிமன்றம் இதுவும் அதுதான் என்றது. ஜூன் மாதம் உச்சநீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஒரு சுவரின் பெயின்ட் டெல்லிவரை போய்வந்த அதே ஆண்டில், நம் ஹாலின் பின்சுவரில் பாசி பிடித்திருந்தது. அதற்கு எந்தக் கட்சி நிறம் என்று யாரும் வழக்குப் போடவில்லை.

ஹாலுக்குச் சுண்ணாம்பு விழும் காலத்தைக் கணிக்கப் பஞ்சாங்கம் வேண்டாம், தேர்தல் அட்டவணை போதும். பள்ளிக்கூடம் கிடைக்காத இடத்தில் ஹால் வாக்குச்சாவடி ஆகும். உடனே சாய்தளம், குடிதண்ணீர், விளக்கு, கழிப்பறை எல்லாம் வர வேண்டும் என்பது தேர்தல் ஆணைய விதி. இவ்வகையில் 2021ஆம் ஆண்டு ஒரு பொற்காலம்: பிப்ரவரியில் ஊராட்சித் தேர்தல், ஏப்ரல் 8இல் மண்டல, மாவட்டப் பரிஷத் தேர்தல், ஏப்ரல் 17இல் திருப்பதி மக்களவை இடைத்தேர்தல். மூன்று மாதத்துக்குள் மூன்று முறை மின்விளக்கு மாற்றப்பட்ட கூடம் வரலாற்றில் வேறுண்டா? பிறகு 2024 மே 13 வரை இருட்டு.

விளையாட்டை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. 1977 நவம்பர் 19 அன்று ஆந்திரக் கரையோரத் திவிசீமையைப் புயல் அடித்துக்கொண்டு போனபோது பல ஆயிரம் பேர் செத்தார்கள். ஏறி நிற்க உயரமான கட்டடம் இல்லை. அதன் பிறகுதான் ஆந்திரக் கரையோரம் நெடுகக் கால் மேல் நிற்கும் புயல் காப்பகங்கள் வந்தன. புயல் இல்லாத நாளில் அவையும் ஒரு கம்யூனிட்டி ஹால்தான். 2023 டிசம்பர் 5 அன்று மிக்ஜாம் புயல் பாபட்லா அருகே கரையேறுவதற்கு முன் இந்தப் பக்கமெல்லாம் வெள்ளக்காடு. அப்படியொரு ராத்திரியில் முதல் சூத்திரப்படி சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஸ்ரீசிட்டி ஷிப்ட் முடிகிறவரை கடல் காத்திருக்காது. அந்த நேரத்தில் அந்த இரண்டு திருகாணியும் ஒரு ரூபாயும் நினைவுக்கு வருமானால், கொண்டியை வெளிப்பக்கம் திருகிய தச்சரைத் தீர்க்கதரிசி என்றே சொல்ல வேண்டும்.

2011இல் உலக வங்கிக் கடனுதவியோடு ஆந்திரத்திலும் ஒடிசாவிலும் தொடங்கிய தேசியப் புயல் இடர் தணிப்புத் திட்டத்தில், காப்பகம் கட்டினால் போதாது, அதைப் பார்த்துக்கொள்ள ஊரார் குழுவும் வேண்டும் என்ற யோசனை சேர்ந்தது. வாஷிங்டன் நிபுணர்கள் வந்து சேர்ந்த இடம் தஞ்சாவூர் இடையரிடம்தான்.

எனவே பரிந்துரை. கூடம் ஒன்றுக்கு 96 ஆடுகள் வீதம் ஊராட்சிக்கு வழங்குக. பால், குட்டி, எரு விற்ற வரவில் கரண்ட் பில், சுண்ணாம்பு, குழாய். கமிட்டியைக் கூட்டி இதைப் படித்துக் காட்டினேன். ஹால் பூட்டியிருந்ததால் கூட்டம் டீக்கடையில் நடந்தது. ஆடு எந்த இனம், எந்தக் கட்சி ஆட்சியில் வாங்குவது, மேய்ப்பது யார் மச்சான் என்பனவற்றில் விவாதம் சூடுபிடித்தது. ஒரு பெரியவர் மட்டும், அத்தனை ஆட்டையும் ராத்திரியில் எங்கே அடைப்பது என்று நியாயமாகக் கேட்டார். அதற்குப் புதிதாக ஏற்பாடு தேவையில்லை என்று எடுத்துச் சொன்னேன். ஹால் வராந்தாவில் இப்போதே இருபது ஆடு படுக்கிறது. பாக்கி எழுபத்தாறுக்குத்தான் அரசாணை வேண்டும்.