முட்டுக்கொடுக்கும் மூர்த்திகள்

போடிநாயக்கனூரில் தெருவுக்கு ஒரு மூர்த்தி உண்டு. வீட்டில் கூப்பிடும் பெயர் வேறாக இருக்கலாம். மூர்த்தி நான் வைத்தது. வேலை, முட்டுக்கொடுப்பது. கட்சிக்குக் கொடுக்கிற முட்டு இல்லை, லேப்டாப்புக்கு.

2020 ஊரடங்கில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஊர் திரும்பிய வகையறா. 2023 ஜூனில், பன்னிரண்டு வருஷம் கழித்து, போடிக்கு மறுபடி ரயில் வந்தது. அதுவும் சென்னைக்கே நேராக. பலரும் ஏறிப் போனார்கள். மூர்த்தி போகவில்லை. போனால் மேசையைப் பிரிக்க வேண்டுமே!

எல்லாம் ஒரு கழுத்துவலியில் ஆரம்பித்தது. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு இருக்க வேண்டும் என்று எங்கோ படித்தான். சாப்பாட்டு மேசை மேல் பிளாஸ்டிக் ஸ்டூலை ஏற்றி, அதன் மேல் லேப்டாப்பை வைத்தான். ஸ்டூலின் நடுவே ஓட்டை இருக்கிறதல்லவா? அடுக்கினால் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளாமல் இருக்க வைத்தது. மூர்த்தியைக் கேட்டால் சார்ஜர் வயருக்கென்றே போட்டது என்பான்.

கழுத்து நிமிர்ந்தது, கை காவடி தூக்கியது. தனியாக ஒரு கீபோர்டு வாங்கினால் தீர்ந்தது. ஆனால் காசு கொடுத்து வாங்குவதை இவன் தோல்வி என்றல்லவா நினைக்கிறான்! நாற்காலியில் இரண்டு தலையணை ஏறின. கால் அந்தரத்தில் தொங்கியது. காலுக்கு அம்மாவின் மணை போனது. அம்மா வெறுந்தரையில் உட்கார்ந்து ஏலக்காயில் வெடிப்பு பொறுக்குகிறார்.

"என்னடா, என் மணை?"

"எர்கானமிக்ஸ்மா."

"அதுக்கு எங்கயாவது கோயில்ல போயி கும்பிட்டு வாடா."

ஐரோப்பாவில் ஐகியா கடையின் 'லாக்' என்ற மலிவு மேசையின் கால்களுக்கு நடுவே 19 அங்குல சர்வர் பெட்டி கச்சிதமாகப் பொருந்துகிறது என்று கண்டுபிடித்து, அதையே ரேக்காக்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கதையை மூர்த்தி எனக்கு மூன்று தடவை சொல்லிவிட்டான். ஐகியா ஹைதராபாத்துக்கு வந்ததே 2018இல்தான். போடிக்கு வருகிற வரைக்கும் காத்திருக்க முடியுமா? அப்பாவின் ஏலக்காய்ச் சல்லடையை எடுத்து ஸ்டூலுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் செருகினான். அடியில் காற்றோட்டம்! இது ஒன்றை மட்டும் நானும் ஒப்புக்கொள்கிறேன், நல்ல யோசனை. சூடு குறைந்தது. லேப்டாப் சூடேறும்போதெல்லாம் பாயசம் மணத்தது.

போடிமெட்டு தாண்டித் தோட்டத்தில் இருக்கிற மூர்த்தி வேறு ரகம். சிக்னல் கிடைப்பது ஜீப் நிற்கிற மேட்டில் மட்டும். அதனால் ஜீப் பானட்தான் அவனுக்கு நின்று வேலை பார்க்கும் மேசை. காலையில் ஆள் ஏற்றி வரும் மேசை, சாயங்காலம் அதே ஆட்களோடு கொண்டை ஊசி வளைவுகளில் போடிக்கு இறங்கிவிடும். வேலை நேரம் முடிந்தது என்று இவ்வளவு தெளிவாக எந்தக் கம்பெனியும் சொல்வதில்லை.

நம்ம மூர்த்திக்குச் சோதனை காய் சீசனில் வந்தது. எட்டு எம்எம் காய் தனியாகப் பிரித்தால்தான் விலை. மீட்டிங் நடுவில் அப்பா வந்தார், சல்லடையை உருவினார், போய்விட்டார். மேனேஜர் இரண்டு நிமிஷம் எங்கள் ஊர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது சல்லடை இருந்த இடத்தில் அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டி. அப்பத்தா பெருந்தன்மையாகத்தான் கொடுத்தார். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை லேப்டாப் எழும், வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு வெளியே வரும், லேப்டாப் இறங்கும்.



"ஒரு நிமிஷம் சார்" என்கிறான் மூர்த்தி, மைக்கை அமுக்கிவிட்டு. "அப்பத்தா, புகையிலையையும் சேத்து எடுத்துக்க."