ஆறு கணக்கு, ஒன்பது மணி நேரம்

சர்வதேச கணித ஒலிம்பியாட் 1959-இல் ருமேனியாவில் தொடங்கியது. நாட்டுக்கு அதிகபட்சம் ஆறு மாணவர்கள். போட்டி இரண்டு நாள். நாளுக்கு மூன்று கணக்கு, நாலரை மணி நேரம். அதற்குள் சாதாரணப் பள்ளி மாணவன் முழுப் பரீட்சையையும் எழுதி, வீடு திரும்பி, விடையைச் சரிபார்த்து, அழுதும் முடித்திருப்பான்.

நுண்கணிதம் தேவையில்லை, பள்ளிக் கணிதமே போதும் என்பார்கள். நீச்சலுக்குத் தண்ணீர் போதும் என்பது போன்ற ஆறுதல் அது. கணக்குக்கு 7 மதிப்பெண், மொத்தம் 42. விடை மட்டும் போதாது, நிரூபணம் வேண்டும்.

1988-இல் ஆஸ்திரேலியாவில் கேட்கப்பட்ட ஆறாம் கணக்கு, அதைப் பரிசீலித்த குழுவுக்கே பிடிபடவில்லை. தங்களால் முடியாததைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கும் பெரியோர் வழக்கப்படி அது வினாத்தாளில் ஏறியது. அதற்குப் பதினொரு மாணவர்கள் முழு மதிப்பெண் வாங்கினர். அதே கணக்கில் 1 மதிப்பெண் மட்டுமே பெற்ற சிறுவன் தெரன்ஸ் டாவோ, மற்ற கணக்குகளின் புண்ணியத்தில் தங்கம் வென்றார். 2006-இல் கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கமும் பெற்றார்.

பங்கேற்பாளர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பதக்கம் உண்டு: தங்கம், வெள்ளி, வெண்கலம் தோராயமாக 1:2:3 விகிதத்தில். பதக்கம் தவறியவர் ஒரு கணக்கையாவது முழுதாகப் போட்டிருந்தால் பாராட்டுச் சான்றிதழ். மற்றவர்களுக்கு ஊர் சுற்றிப் பார்த்த அனுபவம்.